மூளையை ஆராய்பவர் கணித வகுப்பில் என்ன செய்கிறார்? கணிப்பு நரம்பியல்: ஒரு விளக்கம்

"கணிதத் துறைப் பேராசிரியர், ஆராய்ச்சி, மூளையின் நரம்பணுக்கள் பற்றி." இப்படி ஓர் அறிமுகத்தைப் படிக்கும் பலருக்கும் குழப்பம் வருகிறது. மூளை ஆராய்ச்சி மருத்துவக் கல்லூரியிலோ உயிரியல் ஆய்வகத்திலோ நடக்கும் வேலை என்றுதான் நினைத்திருப்போம். அதைச் செய்கிறவர் எதற்காக முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கிறார்? 2024இல் செயற்கை நரம்பு வலைப்பின்னல் பற்றிய வேலைக்காக ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. இயற்பியல், செயற்கை நுண்ணறிவு, மூளை மூன்றும் ஒரே செய்தியில் வந்து நின்றன.

கணிப்பு நரம்பியல் என்னும் இத்துறையைச் சேர்ந்தவரைப் பற்றிப் பொதுவாக இரண்டு ஊகங்கள் உண்டு. கணினிக்குள் ஒரு மூளையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்பது ஒன்று. மூளை எப்படிக் கற்கிறது என்று தெரிந்தவர், ஆகவே கணிதத்தை நன்றாகக் கற்பிப்பார் என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் பொருந்தாது. ஆராய்ச்சிக்கும் வகுப்பறைக்கும் உண்மையான தொடர்பு வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரே ஒரு நரம்பணுவிலிருந்து தொடங்கலாம்.

துறை எதைச் செய்கிறது

நியூரான் என்னும் நரம்பணுவுக்கு ஒரு சவ்வு உண்டு. அதன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே சிறிய மின்னழுத்த வேறுபாடு இருக்கும். ஓய்வில் அது ஏறக்குறைய −65 மில்லிவோல்ட். சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் சவ்வில் உள்ள கால்வாய்கள் வழியாக உள்ளும் புறமும் நகரும்போது இந்த அழுத்தம் மாறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் அழுத்தம் சட்டென்று நேர்க்குறிப் பக்கம் எகிறி, ஓரிரு மில்லிநொடியில் திரும்பிவிடும். இதைத்தான் மின்துடிப்பு என்கிறோம். நியூரான்கள் தமக்குள் வேகமாகச் செய்தி அனுப்பிக்கொள்வது பெரும்பாலும் இந்தத் துடிப்புகளைக் கொண்டுதான்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. எது எப்போது துடிக்கும், ஏன் துடிக்கும், கூட்டமாகத் துடிக்கும்போது என்ன நடக்கும் என்ற கேள்விகளைச் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைத் தீர்த்து, விடையைச் சோதனைத் தரவோடு ஒப்பிடுவதே கணிப்பு நரம்பியல். கணினி இங்கே ஒரு கருவி. வேலையின் மையம் அந்தச் சமன்பாடு.

ஒரு நியூரான், ஒரு சமன்பாடு

மிக எளிய மாதிரி 1907இல் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் செய்த வேலையிலிருந்து வருகிறது. நியூரானை ஓர் ஓட்டை வாளியாக நினைத்துக்கொள்ளலாம். உள்ளே வரும் மின்னோட்டம் வாளியை நிரப்புகிறது, ஓட்டை வழியாகக் கொஞ்சம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது, குறியிட்ட மட்டத்தைத் தொட்டால் வாளி கவிழ்ந்து காலியாகி மறுபடி நிரம்பத் தொடங்குகிறது. கவிழும் அந்தக் கணம்தான் துடிப்பு.

இதைக் கணிதமாக எழுதினால் ஒரே ஒரு முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு. அழுத்தம் மாறும் வீதம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று ஓய்வு நிலைக்கு இழுப்பது, மற்றொன்று மின்னோட்டம் மேலே தள்ளுவது. எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு அழுத்தம் −65, துடிப்பு எல்லை −50 மில்லிவோல்ட். சவ்வின் மின்தடை 10 மெகாஓம், கால மாறிலி (அழுத்தம் எவ்வளவு விரைவாக மாறும் என்பதைக் குறிக்கும் நேர அளவு) 10 மில்லிநொடி என்று கொள்வோம்.

1. மின்னோட்டம் 1.4 நானோஆம்பியர்: மின்தடையால் பெருக்கினால் 14 மில்லிவோல்ட். அழுத்தம் −51ஐ நோக்கி ஏறும், அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் துடிப்பு இல்லை.
2. மின்னோட்டம் 1.5: அழுத்தம் −50ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் முடிவுறு நேரத்தில் அதைத் தொடாது. நுண்கணிதத்தில் வரும் எல்லை (limit) என்ற கருத்து இதைவிடத் தெளிவாக வெளிப்படும் இடம் அரிது.
3. மின்னோட்டம் 1.6: துடிப்பு வரும், ஆனால் மெதுவாக. எல்லையைத் தொட எடுக்கும் நேரம் கால மாறிலியை 16இன் இயல் மடக்கையால் பெருக்கினால் கிடைக்கும், சுமார் 27.7 மில்லிநொடி. அதாவது நொடிக்கு 36 துடிப்புகள்.
4. மின்னோட்டம் 2: நேரம் சுமார் 13.9 மில்லிநொடி. நொடிக்கு 72 துடிப்புகள்.

மின்னோட்டம் 1.6இலிருந்து 2 ஆனது, கால் பங்கு உயர்வுதான். துடிப்பு வீதமோ இரட்டிப்பாகிவிட்டது. அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை, எல்லை என்று தனித்தனி அத்தியாயங்களில் படித்த மூன்றும் ஒரே கேள்விக்கு வேண்டியிருக்கின்றன. மெகாஓமை நானோஆம்பியரால் பெருக்கினால் மில்லிவோல்ட்தான் வரும் என்ற அலகுச் சரிபார்ப்பும் கூடவே வருகிறது. கணித ஆசிரியருக்கு இது பொன்னான கணக்கு.

1952: கணவாயின் நரம்பும் கைக்கணக்கும்

வாளி மாதிரியில் ஒரு குறை உண்டு. துடிப்பு ஏன் உண்டாகிறது என்று அது சொல்லாது. எல்லையைத் தொட்டால் துடிப்பு என்று நாமே விதித்துவிட்டோம். காரணத்தைக் கண்டவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். அவர்கள் எடுத்துக்கொண்டது கணவாய் என்னும் கடலுயிரியின் ராட்சத நரம்பிழை. அரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் உள்ளதால் அதற்குள் மின்முனையைச் செருக முடியும். சவ்வின் அழுத்தத்தை ஒரு மதிப்பில் பிடித்து நிறுத்தி, அப்போது ஓடும் மின்னோட்டத்தை அளந்தார்கள். அதிலிருந்து நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளை எழுதினார்கள். ஒன்று அழுத்தத்துக்கு, மற்ற மூன்றும் அயனிகளுக்கு வழிவிடும் 'வாயில்'கள் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதற்கு. 1952இல் வெளியான அந்த வேலைக்கு 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜான் எக்லெஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தச் சமன்பாடுகளுக்குக் கையால் எழுதக்கூடிய சூத்திர விடை கிடையாது. கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாற்றியமைப்புக்காக ஆறு மாதம் நிறுத்தப்பட்டிருந்தது. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கு இயந்திரத்தில் படிப்படியாகக் கணக்கிட்டார். ஓரிடத்துத் துடிப்புக்குச் சில நாட்கள், நரம்பிழையில் ஓடும் துடிப்புக்குச் சில வாரங்கள் பிடித்தன. ஓடும் துடிப்பில் வேகத்தை முதலில் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் விடை எல்லையின்றி மேலேயோ கீழேயோ பறந்துவிடும். அப்புறம் வேகத்தைத் திருத்தி மறுபடி தொடக்கத்திலிருந்து கணக்கு. இறுதியில் கிடைத்த வேகம் நொடிக்கு 18.8 மீட்டர். சோதனையில் அளந்தது 21.2 மீட்டர். துடிப்பின் வேகத்தைச் சமன்பாட்டுக்குள் யாரும் திணிக்கவில்லை. அது கணக்கிலிருந்து தானாக வெளிவந்தது. துறையின் பெருமை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்றே சொல்வேன்.

பொட்டாசியத்துக்கான வாயில் மாறியை அவர்கள் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினார்கள். நான்கு பகுதிகள் ஒவ்வொன்றும் தனித்தனியே திறக்க வேண்டும், நான்கும் திறந்தால்தான் வழி என்றால் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். நான்காம் அடுக்குக்கு அப்படி ஒரு பொருள் தரலாம். ஆனாலும் தரவு வளைவோடு போதிய அளவுக்குப் பொருந்தியது என்பதே அந்த எண்ணைத் தேர்ந்த காரணம். கட்டமைப்பு இப்படித்தான் என்று அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. 1998இல் ராடரிக் மெக்கின்னன் குழு ஒரு பொட்டாசியக் கால்வாயின் கட்டமைப்பை வெளியிட்டபோது அதில் நான்கு துணை அலகுகள் இருந்தன. சோடியத்துக்கு இவ்வளவு அழகாக அமையவில்லை. மாதிரியில் மூன்றாம் அடுக்கோடு இன்னொரு மாறியின் பெருக்கல் இருக்கிறது. சோடியக் கால்வாயோ நான்கு பகுதிகள் கொண்ட ஒரே புரதம். நல்ல மாதிரி இயற்கையின் படமாக இருந்தாக வேண்டியதில்லை என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

நான்கை இரண்டாக்குவது

நான்கு மாறிகளை ஒரே தாளில் வரைய முடியாது. 1961இல் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஹியூ அவற்றை இரண்டாகக் குறைத்தார். அடுத்த ஆண்டு நாகுமோவும் உடன் பணியாற்றியவர்களும் அதே சமன்பாட்டை மின்சுற்றாகச் செய்து காட்டினார்கள். இரண்டு மாறிகள் என்றால் தளத்தில் வரையலாம். ஒரு மாறி மாறாத இடங்கள் ஒரு முப்படி வளைவு, மற்றது மாறாத இடங்கள் ஒரு நேர்கோடு. இரண்டும் வெட்டுமிடம் சமநிலை. உள்ளே தரும் மின்னோட்டத்தைக் கூட்டினால் வளைவு நகர்கிறது. வெட்டுப்புள்ளி ஓர் இடத்தைத் தாண்டியதும் சமநிலை தன் நிலைத்தன்மையை இழந்து, தீர்வு ஒரு மூடிய பாதையில் சுற்றத் தொடங்குகிறது. நியூரான் தொடர்ந்து துடிக்கிறது என்பதற்கு வடிவியல் பொருள் இதுதான். எந்தச் சமன்பாட்டையும் தீர்க்காமலேயே, படத்தைப் பார்த்து, துடிக்குமா துடிக்காதா என்று சொல்லிவிடலாம்.

ஒரே விடைக்குப் பல எண்கள்

மாதிரிகளைப் பற்றிய செய்திகளில் அதிகம் விடுபடும் விஷயம் இது. நண்டு, இறால் வகைகளின் வயிற்றில் தசைகளை இயக்கும் சிறிய நரம்புச் சுற்று ஒன்று உண்டு. ஈவ் மார்டர் பல ஆண்டுகளாக அதை ஆராய்பவர். 2004இல் ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் பூக்கர், மார்டர் மூவரும் அதன் கணினி மாதிரியை அளபுருக்களை (மாதிரிக்குள் போடும் எண்களை) மாற்றி மாற்றி 2 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட அளபுருத் தொகுதிகள் கிட்டத்தட்ட ஒரே தாளத்தைத் தந்தன.

இதன் விளைவுகளைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மாதிரியின் வெளியீடு தரவோடு பொருந்துகிறது என்பதால் உள்ளே போட்ட எண்கள் சரி என்று ஆகிவிடாது.
2. பல உயிரிகளில் அளந்த மதிப்புகளின் சராசரியை மாதிரியில் போட்டால், அந்த மாதிரி எந்த உயிரியைப் போலவும் நடக்காமல் போகலாம். ஒரு வட்டத்தின் மேல் உள்ள புள்ளிகளின் சராசரி வட்டத்தின் மேல் இல்லை, நடுவில் விழுகிறது. அதே வடிவியல்தான் இங்கும்.
3. ஆகவே ஒரு மாதிரியைச் சோதிக்க, அது ஏற்கெனவே பொருந்திய தரவு போதாது. வெப்பநிலையை மாற்றுவது, ஒரு கால்வாயை மருந்தால் அடைப்பது போன்ற புதிய சூழலில் அது முன்கூட்டிச் சொல்வது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூளையில் மின்முனை வைத்துத் தூண்டும் சிகிச்சைகளில் இதன் நடைமுறைப் பொருள் புரியும். பார்க்கின்சன் நோய்க்கு நொடிக்கு 130 அளவில் மின்தூண்டல் தருவது 1987 முதல் வளர்ந்த முறை. பலன் தெரிகிறது, எந்த வழியில் வேலை செய்கிறது என்பதில் இன்னும் விவாதம் இருக்கிறது. ஒருவருக்கு ஏற்ற தூண்டலை மாதிரி கொண்டு தேர்வு செய்ய வேண்டுமானால், சராசரி நோயாளியின் எண்களை நம்பி இறங்க முடியாது.

நூற்றுக்கணக்கான நியூரான்கள்: அணிகளின் உலகம்

2017இல் அறிமுகமான நியூரோபிக்சல்ஸ் என்னும் மெல்லிய ஊசி ஒரே நேரத்தில் 384 தடங்களில் பதிவு செய்கிறது. கிடைக்கும் தரவு ஓர் அணி: நிரைகள் நியூரான்கள், நிரல்கள் நேரம். நூற்றுக்கணக்கான பரிமாணங்களில் ஓடும் ஒரு புள்ளியை எப்படிப் பார்ப்பது? தரவு அதிகம் பரவியுள்ள திசைகளைக் கண்டுபிடித்து, முதல் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அந்தத் திசைகள் வேறெதுவும் இல்லை, ஓர் அணியின் ஐகன் வெக்டர்கள், அதாவது அந்த அணியால் பெருக்கினாலும் தம் கோட்டை விட்டு விலகாத திசையன்கள். அப்போது நீளம் மாறும் மடங்கு ஐகன் மதிப்பு.

மார்க் சர்ச்லாண்ட், ஜான் கன்னிங்ஹாம், கிருஷ்ணா ஷெனாய் உள்ளிட்டோர் 2012இல் இப்படிப்பட்ட முறையால், கையை நீட்டும் குரங்கின் இயக்கப் புறணியில் (மூளையில் உடல் அசைவை இயக்கும் பகுதி) நியூரான்களின் கூட்டு நிலை ஒரு தளத்தில் சுழல்வதைக் காட்டினார்கள். கை சுழலவில்லை, இலக்கை நோக்கி நீளத்தான் செய்கிறது. நேரியல் அமைப்பின் ஐகன் மதிப்புகள் கற்பனைப் பகுதி உள்ள கலப்பெண்ணாக இருந்தால் தீர்வு சுழலும் என்று இரண்டாமாண்டுப் பாடத்தில் வரும். மாணவர் "கற்பனை எண் எதற்கு" என்று கேட்கும் இடத்தில் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

இரண்டு செய்திக் குழப்பங்கள்

செயற்கை நுண்ணறிவின் நரம்பு வலைப்பின்னல் மூளை மாதிரியா? வேர் ஒன்றுதான், 1943இல் மெக்கல்லக்கும் பிட்ஸும் எழுதிய எளிய நியூரான் மாதிரி இரண்டுக்கும் முன்னோடி. 1982இல் ஹாப்ஃபீல்ட் காட்டிய நினைவு மாதிரி இன்றும் இரு பக்கமும் படிக்கப்படுகிறது. ஆனால் இன்றைய மொழி மாதிரிகளின் அலகுகளில் துடிப்பும் இல்லை, அயனியும் இல்லை. அவற்றை மதிப்பிடும் கேள்வி 'வேலை நடக்கிறதா' என்பது. கணிப்பு நரம்பியலில் கேள்வி 'உயிரியில் இப்படித்தான் நடக்கிறதா' என்பது.

அடுத்தது, முழு மூளையைக் கணினியில் ஓட்டிவிட்டார்களா என்பது. இல்லை. 302 நியூரான்கள் மட்டுமே உள்ள ஒரு சிறு புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியானது. அந்தப் புழுவின் நடத்தையைக்கூட வரைபடத்தை மட்டும் வைத்து முழுதாகக் கணிக்க முடிவதில்லை. எது எதோடு இணைந்திருக்கிறது என்று வரைபடம் சொல்லும். இணைப்பு எவ்வளவு வலுவானது, தூண்டுகிறதா அடக்குகிறதா, காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்பதை முழுதாகச் சொல்லாது. 2024இல் சுமார் 1,39,000 நியூரான்கள் கொண்ட பழ ஈயின் மூளை வரைபடம் வந்தது பெரிய சாதனை. ஆனாலும் அங்கிருந்து வேலை தொடங்குகிறது, முடியவில்லை.

வகுப்பறையில் என்ன மாறுகிறது

சரி, இப்படி வேலை செய்கிறவர் கணிதம் நடத்தினால் என்ன வேறுபாடு? பாடத்திட்டம் பெரும்பாலும் அதேதான். மாறுவது கேள்வியின் வடிவம்.

1. வழக்கமான பயிற்சிக் கணக்கு சமன்பாட்டோடு தொடங்குகிறது. மாதிரி அமைப்பவரின் கணக்கு சமன்பாட்டுக்கு முன்பே தொடங்குகிறது: எதை மாறியாக எடுப்பது, எதை விட்டுவிடுவது, விட்டதால் என்ன இழப்பு.

2. விடை சூத்திரமாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தளர்கிறது. உண்மையில் எழும் வகைக்கெழுச் சமன்பாடுகளில் மிகப் பலவற்றுக்குச் சூத்திர விடை இல்லை. அதனால் படம் வரைந்து அறிவதும் எண்முறையில் கணக்கிடுவதும் பாடத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகின்றன.

3. கணினியை நம்புவதற்கும் அளவு கற்பிக்கப்படுகிறது. மேலே பார்த்த எளிய சமன்பாட்டையே ஆய்லர் முறையில், அதாவது அந்தந்தக் கணத்து மாறும் வீதத்தைக் கொண்டு ஒரு நேரப் படி முன்னே நகர்ந்து நகர்ந்து, தீர்ப்பதாக வைத்துக்கொள்வோம். கால மாறிலி 10 மில்லிநொடி. படியை 5 என எடுத்தால் இறுதி நிலையிலிருந்து உள்ள விலக்கம் ஒவ்வொரு படியிலும் பாதியாகும், நல்லது. படியை 25 என எடுத்தால் விலக்கம் ஒவ்வொரு முறையும் −1.5ஆல் பெருக்கப்படும், விடை இருபுறமும் தாவித் தாவிப் பெரிதாகும். நியூரானுக்கு ஒன்றும் ஆகவில்லை, கணக்கிடும் முறைதான் உடைந்தது. இதை ஒருமுறை தன் கையால் செய்த மாணவர், கணினி வரைந்து தரும் வளைவை அப்படியே ஏற்கமாட்டார்.

4. தவறான மாதிரியும் பாடப்பொருளாகிறது. வாளி மாதிரி எங்கே பொய்க்கிறது என்று கேட்பது, அதைத் தீர்ப்பதைவிடக் கடினமான கேள்வி.

இன்னொன்றும் உண்டு. துகள் முடுக்கியோ பெரிய ஆய்வகமோ இல்லாமல், நான்கு சமன்பாடுகளை ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓட்டி, இளநிலை மாணவரே அளபுருக்களை மாற்றிப் புதிதாக எதையாவது கவனிக்க முடியும். ஆராய்ச்சியின் வாசல் இவ்வளவு தாழ்வாக இருக்கும் துறைகள் குறைவு.

இதற்கு விலையும் இருக்கிறது. உயிரியல் பின்னணி இல்லாத மாணவருக்கு அயனியும் சவ்வும் கூடுதல் சுமை. கணிதக் கருத்தே புதிதாக இருக்கும்போது சூழலையும் புதிதாகத் தந்தால் இரண்டும் பிடிபடாமல் போகலாம். தொகையிடலையும் அணிப் பெருக்கலையும் கைப்பழக்கமாக்கும் பயிற்சியை மாதிரி அமைத்தல் ஈடுகட்டாது. அந்தப் பயிற்சியைக் குறைத்துவிட்டு 'பயன்பாடு' என்று பெயர் சூட்டுவது மாணவருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

நியூரான் தெரிந்தவர் நல்ல ஆசிரியரா?

இரண்டாவது ஊகத்துக்கு வருவோம். 1997இல் ஜான் புரூவர் ஓர் எச்சரிக்கை எழுதினார்: நரம்பணு அளவிலான கண்டுபிடிப்புகளிலிருந்து வகுப்பறை நடைமுறைக்கு நேராகப் பாலம் போட முடியாது, இடையில் உளவியல் என்ற படி தேவை. இன்றும் அது பொருந்தும். அயனிக் கால்வாய் எப்படித் திறக்கிறது என்ற அறிவு, பின்னங்களில் ஒரு மாணவர் ஏன் தடுமாறுகிறார் என்று சொல்லாது. 'இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர்' என்று மாணவர்களைப் பிரிப்பதற்கும், ஒவ்வொருவருக்கும் ஏற்ற 'கற்றல் பாணி'யில் நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்கும் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. மூளையின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பல பயிற்சிகள் இந்த இரண்டின் மேல்தான் நிற்கின்றன.

கற்பித்தலுக்கு உதவும் ஆதாரம் வகுப்பறைகளை அளந்ததிலிருந்தே வருகிறது. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மாணவர்கள் வகுப்பிலேயே கணக்குப் போட்டு, விவாதித்து, பதில் சொல்லிப் படித்த இடங்களோடு ஒப்பிட்டால், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு 1.5 மடங்காக இருந்தது. இதைப் பின்பற்ற ஆசிரியர் மூளை ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கணித ஆசிரியரும் செய்யலாம்.

இத்துறைக்கு வர நினைப்பவர் என்ன படிக்க வேண்டும்

வரிசையைச் சொல்வதானால், முதலில் நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும். அடுத்து வகைக்கெழுச் சமன்பாடுகள். தீர்க்கும் உத்திகளோடு நின்றுவிடாமல் நிலைத்தன்மைப் பகுப்பாய்வு வரை. அதோடு சேர்ந்தாற்போல நிகழ்தகவும் புள்ளியியலும், ஏனென்றால் ஒரே தூண்டலுக்கு நியூரான் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி துடிப்பதில்லை. நிரல் எழுதுவதை ஏதாவது ஒரு மொழியில் பழகினால் போதும். உயிரியலை வேலை செய்துகொண்டே கற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பதிவு எப்படி எடுக்கப்பட்டது, மின்முனை எங்கே இருந்தது, அந்த அளவில் எவ்வளவு இரைச்சல் என்று தெரியாமல் எழுதும் சமன்பாடு எந்த நியூரானைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. சில மாதமாவது ஒரு சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து, தரவு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட்டு வருவது நல்லது.